பங்கில் சுற்றுச்சூழல் பணியையும் ஏழையர் பணியையும் ஒன்றாகச் செய்வது எப்படி: ஓராண்டுக்கான முழுமையான வழிகாட்டி

ஒருபுறம் இளையோர் இயக்கம் மரக்கன்று நடுகிறது. மறுபுறம் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை அரிசி கொடுக்கிறது. ஒரே ஆலய வளாகத்தில் நடக்கும் இந்த இரண்டு பணிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. தமிழ்நாட்டின் தென் மாவட்டக் கத்தோலிக்கப் பங்குகள் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகங்கள்) பலவற்றில் நான் பார்த்துவரும் நிலை இது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலின் 49ஆம் பத்தி, பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. அதை ஒரு சாதாரணப் பங்கில் எந்த வரிசையில் செய்வது, எங்கே தடுமாற்றம் வரும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பணியைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் எந்தத் தெருவில், எந்த வீட்டின் சுமை குறைகிறது? பதில் சொல்ல முடியாத பணியைத் தள்ளிவையுங்கள். நல்ல பணியாகவே இருக்கலாம்; ஆனால் முதல் ஆண்டுக்கு உரியதன்று.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பங்குத்தந்தையின் வாய்மொழி ஒப்புதல் போதாது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் தீர்மானமாக வைத்து, குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிச் செல்பவர்கள். ஒருவருடைய ஆர்வத்தை மட்டும் நம்பிய பணி, அவருடைய பெட்டியோடு சேர்ந்து ஊரை விட்டுப் போய்விடும்.

அடுத்து, ஓர் எல்லை வரைபடம். தாளில் கையால் வரைந்தாலே போதும். தெருக்கள், கிணறுகள், குழாயடிகள், குப்பை கொட்டும் இடங்கள், மழைநீர் தேங்கும் பள்ளங்கள், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றைக் குறியுங்கள். பங்கின் எல்லைக்குள் வாழும் பிற சமயத்தாரின் தெருக்களும் அதில் இருக்க வேண்டும். பங்கு மக்கள் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால், தண்ணீருக்கு அதிகம் தவிக்கும் தெரு கண்ணிலேயே படாமல் போகலாம்.

தொடங்க ஏற்ற மாதம் ஜூன். பள்ளிகள் திறந்து, வெளியூர் சென்றவர்கள் திரும்பியிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு நான்கு மாத அவகாசமும் இருக்கும். செப்டம்பர் முதல் நாள், படைப்பைக் காக்க மன்றாடும் ‘படைப்பின் காலம்’ தொடங்கும்போது குழுவைக் கூட்டுகிறவர்களுக்கு, கருத்தரங்கு நடத்தத்தான் நேரம் இருக்கும். அக்டோபரில் மழை வந்துவிடும்.

2. குழு: சிறியதாக, கலந்ததாக

ஒன்பது அல்லது பத்துப் பேர் போதும். அன்பியங்களின் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களின்) ஒருங்கிணைப்பாளர்களில் இருவர், வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து ஒருவர், இளையோர் இருவர், ஓர் அருள்சகோதரி, கணக்குத் தெரிந்த ஒருவர். இவர்களோடு, உதவி பெறும் வீடுகளிலிருந்து குறைந்தது இருவர். மீன் விற்கும் பெண்ணாக இருக்கலாம், தூய்மைப் பணியாளராக இருக்கலாம்.

கடைசியாகச் சொன்ன இருவரைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் இல்லாத குழு, ஏழைகளுக்கு எது தேவை என்பதைத் தானாகவே முடிவு செய்யத் தொடங்கிவிடும். கூட்ட நேரத்தையும் அவர்களுக்கு ஏற்றபடி வையுங்கள். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் கூட்டம் என்றால் மீன் விற்பவர் வர முடியாது. அது அவருக்கு நல்ல வியாபார நேரம்.

3. வீடுகளுக்குச் சென்று கேட்பது

இதுதான் முழுப் பணிக்கும் அடித்தளம். ஜூன், ஜூலை இரண்டு மாதங்களையும் இதற்கே கொடுங்கள். இருவர் இருவராகச் செல்லுங்கள். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அச்சடித்த படிவம் வேண்டாம், புகைப்படம் வேண்டவே வேண்டாம். படிவத்தைப் பார்த்தவுடன் “என்ன தரப்போகிறார்கள்?” என்ற எதிர்பார்ப்பு எழும், அதன்பின் வரும் பதில்கள் அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்பவே அமையும்.

கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எத்தனை குடம்? யார் சுமந்து வருகிறார்? மழை பெய்தால் வீட்டுக்குள் நீர் புகுமா? குப்பையை எங்கே போடுகிறீர்கள்? பக்கத்தில் எதையாவது எரிக்கிறார்களா? மாதத்தில் மருந்துக்கு எவ்வளவு போகிறது? கோடையில் தகரக் கூரையின் கீழ் பகலை எப்படிக் கழிக்கிறீர்கள்?

பிறகு பேசாமல் இருங்கள். முதல் பதில் பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்வது: “ஒன்றும் குறையில்லை சகோதரி, ஆண்டவர் பார்த்துக்கொள்கிறார்.” உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

முதல் சந்திப்பில் எதையும் வாக்களிக்காதீர்கள். வாக்களித்த மறுநாள் தெருவே வரிசையில் நிற்கும். கேட்டல் அத்தோடு முடிந்து பட்டியல் போடும் வேலை தொடங்கிவிடும். மருத்துவ அவசரம்போல் பொறுக்க முடியாத தேவை தெரியவந்தால் மட்டும் அன்று மாலையே வின்சென்ட் சபைக்குத் தெரிவியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டதை எழுதிவையுங்கள். தெருவின் பெயர் இருக்கட்டும். கடன், நோய், குடிப்பழக்கம் போன்றவற்றின் பக்கத்தில் ஆள் பெயர் வேண்டாம். அந்தக் குறிப்பேடு பலர் கைக்குப் போகும்.

ஜூலை இறுதியில் குழு கூடி, மூன்று சுமைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். தண்ணீர், புகை, வெப்பம் ஆகிய மூன்றும் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். மூன்றுமே சுற்றுச்சூழல் சிக்கல்கள். மூன்றுமே ஏழையின் சிக்கல்கள். இரண்டு குழுக்களும் ஒன்றாக வேண்டும் என்பதை எந்த மறையுரையையும்விட இந்தக் கூட்டம் தெளிவாக உணர்த்தும்.

4. பணம்: புதிதாகத் திரட்டுவதற்கு முன் பழைய செலவைப் பாருங்கள்

நன்கொடையாளர்களைத் தேடி முதல் மாதமே ஓடாதீர்கள். ஃபிளெக்ஸ் பேனர், வாணவேடிக்கை, பாட்டில் தண்ணீர், மேடை அலங்காரம் என்று பங்கு ஏற்கெனவே செலவிடும் தொகையை நிதிக்குழுவிடம் கேட்டு எழுதுங்கள். முதல் ஆண்டுப் பணிக்கான தொகையில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கும்.

தனிக் கணக்குத் தலைப்பு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். மின்கட்டணத்தில் மிச்சமானது, திருவிழாவில் குறைத்தது எல்லாம் அதில் சேர வேண்டும். ஏழைகளின் தேவைக்கு மட்டுமே அதிலிருந்து எடுக்க வேண்டும். இதையும் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், மிச்சமான பணம் அடுத்த ஆண்டு கொடிமரத்துக்குப் பூச்சு அடிக்கப் போய்விடும்.

வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட ஊர்க்காரர்கள் பணம் அனுப்ப முன்வந்தால் நேரடியாக வாங்க வேண்டாம். சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கெனப் பதிவு பெற்ற அமைப்பின் கணக்கு வழியாகத்தான் பெற முடியும். மறைமாவட்டத்தின் பல்நோக்குச் சமூகப் பணி மையத்தில் விசாரியுங்கள்.

5. மழைநீர்: செப்டம்பருக்குள் முடிக்க வேண்டிய வேலை

பங்கிலேயே பெரிய கூரை ஆலயத்தின் கூரையாகத்தான் இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். 300 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 4,800 லிட்டர், அதாவது முந்நூறு குடத்துக்கு மேல். ஒரே நாள் மழையில்.

2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய்கள் பல ஆலயங்களில் இன்னும் இருக்கின்றன. அடைத்துக்கொண்டு இருக்கின்றன. புதிதாகக் கட்டும் முன் அவற்றைத் திறந்து பாருங்கள். ஒரு கொத்தனாரும் இரண்டு நாள் கூலியும் போதுமானதாக இருக்கலாம்.

வரிசை இதுதான்: ஆகஸ்டில் கூரையையும் வடிகாலையும் சுத்தம் செய்யுங்கள். புறாக்கள் தங்கும் கோபுர மூலைகளை வலையிட்டு மூடுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றத் தனி வால்வு வையுங்கள். கூழாங்கல், மணல் நிரப்பிய வடிகட்டித் தொட்டியை அமையுங்கள். அதன் பிறகு நீரைத் தொட்டிக்கோ வளாகக் கிணற்றுக்கோ விடுங்கள். தரையில் ஓடிவரும் நீரைக் கிணற்றில் விடவே கூடாது. எண்ணெய், சாணம், சாக்கடை எல்லாம் அதனுடன் வரும்.

இனி முக்கியமான படி. அந்த நீர் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டால் நீங்கள் செய்தது தோட்ட வேலை மட்டும்தான். மதிலுக்கு வெளியே, தெருப்பக்கம், ஒரு குழாய் வையுங்கள். காலையும் மாலையும் திறக்கும் நேரத்தை எழுதிவையுங்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவ, குளிக்க அந்த நீர் உதவும். குடிப்பதற்கு அப்படியே தர வேண்டாம். குடிக்கத்தான் வேண்டும் என்றால் பரிசோதித்து, குளோரின் இட்டு அல்லது காய்ச்சிய பிறகே.

குழாயடியில் யார் முதலில் என்ற சண்டை வரும். அதற்குக் காவலாளி தீர்வாகாது. அந்தத் தெருப் பெண்களிடமே சாவியைக் கொடுங்கள்.

6. மரம்: எத்தனை நட்டோம் என்பதை மறந்துவிடுங்கள்

அக்டோபர் மழையில் நடுங்கள். நடும் நாளைவிட அடுத்துவரும் ஏப்ரலும் மேயும்தான் முக்கியம். மறைக்கல்வி மாணவர்களிடம் ஆளுக்கொரு கன்று ஒப்படைப்பது பரவலான வழக்கம். சரியாகக் கோடை விடுமுறையில் அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். கன்று காய்வது அப்போதுதான்.

ஆகவே கன்றுகளைக் குறைத்து, அந்தப் பணத்தில் கோடையில் நீரூற்ற ஒருவருக்குக் கூலி கொடுங்கள். வேலையில்லாமல் இருக்கும் ஒருவருக்கு மாத வருமானம், மரத்துக்கு உயிர். இரண்டு கோடை தாண்டிய மரத்தை மட்டுமே கணக்கில் எழுதுங்கள்.

கடலோரப் பங்குகளில் பூவரசும் புன்னையும் உப்புக்காற்றைத் தாங்கும். உள்நாட்டில் வேம்பு, புங்கன், நாவல். வீடுகளுக்குக் கொடுப்பதென்றால் முருங்கையும் பப்பாளியும் கொடுங்கள். அவை ஓராண்டுக்குள் சமையலுக்கு வரும். மதிலுக்கும் கல்லறைக்கும் ஒட்டிப் பெரிய மரம் நடாதீர்கள். பத்தாண்டு கழித்து வேர் சுவரைப் பிளக்கும்போது, மரத்தை வெட்ட ஒரு காரணம் கிடைத்துவிடும்.

7. கல்லறைத் திருநாள்: பலரும் கவனிக்காத நாள்

நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டம் நிறையப் பிளாஸ்டிக் மாலைகள், மினுமினுக்கும் தாள்கள், தெர்மாகோல் சிலுவைகள். மறுநாள் இவை மூலையில் குவித்து எரிக்கப்படுகின்றன. அந்தப் புகையை யார் சுவாசிக்கிறார்கள்? கல்லறையை ஒட்டி வாழும் குடும்பங்கள். ஊரின் கடைசித் தெரு பெரும்பாலும் அதுதான்.

இரண்டு ஞாயிறு முன்பே அறிவியுங்கள்: உண்மைப் பூ மட்டும், நெகிழி உறை இன்றி. “கொண்டுவராதீர்கள்” என்று மட்டும் சொன்னால் பலிக்காது. வாசலில் அந்தத் தெருப் பெண்களே செவ்வந்தியும் சம்பங்கியும் நார் மாலையாகக் கட்டி விற்க இடம் ஒதுக்குங்கள். முன்பணத்தைப் பங்கு கொடுக்கட்டும்.

அன்று மாலை, பூக்கள் உரக்குழிக்கு. உருகிய மெழுகுத் துண்டுகள் தனிச் சாக்குக்கு. மெழுகை உருக்கி மீண்டும் வார்க்க முடியும். மகளிர் குழு ஒன்று பொறுப்பேற்றால் கெபிக்கான (மாதா குகைக்கான) மெழுகுவர்த்தி அங்கிருந்தே வரும்.

8. திருவிழாவும் அசனம் என்னும் பொது விருந்தும்

இங்கேதான் பங்கின் உண்மையான முகம் தெரியும். ஆண்டு முழுவதும் சேர்த்த நல்ல பழக்கம் எல்லாம் பத்து நாள் திருவிழாவில் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கொடியேற்றத்துக்கு மூன்று மாதம் முன்பே திருவிழாக் குழுவுடன் உட்காருங்கள். அச்சகத்துக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் போன பிறகு பேசிப் பயனில்லை.

முதலில் பாத்திரங்கள். பாக்குமட்டைத் தட்டு அல்லது வாழையிலை, எவர்சில்வர் டம்ளர். காகிதக் கோப்பை நல்லதென்று பலர் எண்ணுகிறார்கள். அதன் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலிலும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை உண்டு.

ஆயிரம் பேருக்கு ஆயிரம் டம்ளர் தேவையில்லை. ஒரு பந்திக்கு 250 பேர் என்றால் 600 போதும்: ஒரு பந்திக்கானது இலைப்பக்கம், ஒரு பந்திக்கானது கழுவுமிடத்தில், மிச்சம் கையிருப்பு. கழுவும் பெண்களுக்கு முறையான கூலி கொடுங்கள். அதை “சேவை” என்ற பெயரில் இலவசமாக வாங்குவது, சுற்றுச்சூழலின் பெயரால் ஏழையைச் சுரண்டுவதாகும். கடுமையான சொல்தான், தெரிந்தே எழுதுகிறேன்.

குப்பைத் தொட்டிகளை வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தொட்டித் தொகுப்பின் அருகிலும் ஓர் இளைஞர் நிற்க வேண்டும். ஆள் இல்லாத தொட்டியில் முதல் மணி நேரத்திலேயே எல்லாம் கலந்துவிடும். கலந்த குப்பையைப் பிரிப்பவர் மறுநாள் வரும் தூய்மைப் பணியாளர். வெறும் வாழையிலைகள் மாட்டுக்குப் போகட்டும். ஆடுமாடு வைத்திருப்பவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் உள்ளாட்சி அமைப்புக்கு மூன்று வேலைநாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. விதிக்காக மட்டுமன்றி, பணியாளர்களின் வேலைச்சுமைக்காகவும் முன்கூட்டியே சென்று பேசுங்கள். தேர்பவனி போன தெருக்களை அன்று இரவே பங்கு இளையோர் பெருக்கிவிட வேண்டும். மறுநாள் அசனத்தில் அந்தத் தூய்மைப் பணியாளர்கள் முதல் பந்தியில் அமரட்டும்.

அசனத்தில் ஏழைகளின் பங்கு, பந்தி முடிந்த பிறகு அண்டாவில் மிஞ்சுவதாக இருக்கக் கூடாது. படுக்கையில் கிடப்பவர்கள், முதியோர், வரக் கூச்சப்படுபவர்கள் ஆகியோரின் வீடுகளுக்குப் பரிமாறத் தொடங்கும் முன்பே தூக்குவாளியில் அனுப்புங்கள். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கச் சொல்லும் லேவியர் 23:22 வசனம் இந்த ஒழுங்குக்குத்தான் வழி காட்டுகிறது. உணவுப் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. சமைத்த சோறு நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடக்கலாகாது.

வாணவேடிக்கைதான் கடினம். பெரும்பாலும் அது யாரோ ஒரு குடும்பத்தின் நேர்ச்சை. பொதுக்கூட்டத்தில் “தடை” என்று பேசினால் அந்தக் குடும்பம் அவமானப்படும், ஊர் இரண்டாகும். பங்குத்தந்தையும் ஒரு பெரியவரும் அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள். தாத்தா காலத்து நேர்ச்சையை மதித்தே பேசுங்கள். அதே புனிதரின் பெயரில் ஒரு நோயாளியின் ஓராண்டு மருந்துச் செலவையோ, தகரக் கூரை வீட்டுக்கு வெப்பம் தணிக்கும் வெள்ளைப் பூச்சையோ ஏற்க முடியுமா என்று கேளுங்கள். முதல் ஆண்டு பாதியாகக் குறைத்தாலே நல்ல தொடக்கம்.

9. உரக்குழியும் பழைய பொருளும்

வளாகத்தின் நிழலான மூலையில் இரண்டு குழிகள், ஒன்று நிரம்பும்போது மற்றது மக்குவதற்கு. ஈரக்கழிவு ஒரு பங்கென்றால் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை என்று பொருள். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் உரம்.

தாள், அட்டை, பாட்டில் சேகரிக்கும் ஞாயிறு மாதம் ஒன்று. இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் தெருக்களில் பழைய பொருள் பொறுக்கி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பங்கே சேகரித்து விற்கத் தொடங்கினால் அவர்கள் வயிற்றில் அடித்ததாகும். அவர்களை அழைத்துப் பேசி, பிரித்து வைத்த பொருளை அவர்களே எடுத்துச் செல்ல விடுங்கள். அந்த வருமானம் முழுவதும் அவர்களுக்கே போகட்டும்.

10. மின்சாரம்

முதலில் எல்.இ.டி. விளக்குகள், அடுத்து குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிகள், கடைசியில்தான் சூரியத் தகடு. ஆலயத்துக்கு மின்தேவை பெரும்பாலும் ஞாயிறு காலையிலும் மாலை நேரங்களிலும்தான். வெயில் காயும் வேலைநாள் பகலில் அல்ல. பங்குப் பள்ளியோ விடுதியோ இருந்தால் தகட்டை அதன் இணைப்பில் பொருத்துவது பயன் தரும். மிச்சமாகும் தொகை நான்காம் பகுதியில் சொன்ன கணக்குக்குப் போக வேண்டும்.

11. வறியோர் உலக நாள்

பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறு, நவம்பரில் வரும். மேடையில் பெயர் சொல்லி அழைத்துப் போர்வை கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். ஒரு தாய் தன் பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் பார்க்க மேடையேறி வாங்குவது உதவியாகாது. கொடுப்பதை வீட்டில் கொடுங்கள்.

அந்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடுங்கள். ஒரே பந்தி, ஒரே உணவு. மூன்று சுமைகளில் எது குறைந்தது, எது குறையவில்லை என்று உதவி பெறும் வீடுகளிலிருந்து குழுவுக்கு வந்த அந்த இருவரையே பேசவிடுங்கள். பங்குத்தந்தையும் பேரவையும் கேட்கட்டும்.

12. அடுத்தவர் கையில் ஒப்படைப்பது

ஆண்டின் கடைசி வேலை ஒரு குறிப்பேடு. மழைநீர் வால்வு எங்கே இருக்கிறது, வடிகட்டி மணலை எப்போது மாற்ற வேண்டும், டம்ளர்கள் எத்தனை, எந்த அறையில், யாரிடம் சாவி, கோடையில் நீரூற்றுபவருக்கு எவ்வளவு கூலி, எந்த மாதத்தில் யாரிடம் பேச வேண்டும் ஆகியவை அதில் இருக்கட்டும். தீர்மானங்களின் நகலையும் ஒட்டிவையுங்கள். ஒரு பிரதி பங்கு அலுவலகத்தில், ஒன்று பேரவைச் செயலரிடம், ஒன்று குழுவில் இளையவர் ஒருவரிடம்.

குழுவில் ஆண்டுக்கு இருவர் விலகி இருவர் சேர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மாறினால் குறிப்பேட்டைப் படிக்கக்கூட ஆள் இருக்காது. புதிய பங்குத்தந்தை வந்தால் முதல் மாதம் திட்டங்களை விளக்கிக் கூட்டம் போடாதீர்கள். ஒரு மாலை நேரத்தில் தெருக்குழாயைத் திறக்கும்போது அவரை அழைத்துச் சென்று, சாவி வைத்திருப்பவரை அறிமுகப்படுத்துங்கள். கணக்கைக் காட்டுவது அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்.